காலில் ரத்தக்கட்டி, பையில் ஏழு ஹேங்கர்

கெண்டைக்கால் வீங்கி வலித்தால் எண்ணெய் போட்டு உருவ வேண்டாம். டாக்டரிடம் காட்டுங்கள். பாதியில் படிப்பதை நிறுத்துகிறவர்களுக்கும் இது ஒன்று போய்ச் சேரட்டும் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன்.

என் பெயர் காதர். கோடம்பாக்கத்தில் சைக்கிள் கடை. பாய் கடை என்றால் எல்லோருக்கும் தெரியும். படிப்பு எட்டாவதோடு சரி. எங்கள் சைக்கிள் குழுவில் எழுதச் சொன்னார்கள். எழுதுகிறேன்.

குழு என்றால் ஏழு பேர். விடிகாலையில் அடையாறில் கூடி மாமல்லபுரம்வரை போய்த் திரும்பிவந்து, அப்புறம் ஆபீஸுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போகிறவர்கள். வண்டியெல்லாம் ஒரு விரலில் தூக்கலாம், அவ்வளவு லேசு. வேலை எல்லாம் என்னிடம்தான் வரும்.

சென்னையில் மலை கிடையாது. பரங்கிமலை ஒன்று இருக்கிறது. ஏறத் தொடங்கும்போதே முடிந்துவிடும். அதனால் இவர்கள் மலைக்குப் பழக வேண்டுமென்றால் மேம்பாலத்துக்குப் போவார்கள். ஒரே பாலத்தில் ஏறி, இறங்கி, திரும்பி, மறுபடியும் ஏறுவார்கள். வண்டிகள் வர ஆரம்பிப்பதற்குள் முப்பது நாற்பது தடவை. ஆட்டோக்காரர்கள் ஓரம் கட்டி வேடிக்கை பார்ப்பார்கள். "இன்னா சார், எதுனா தொலைச்சிட்டீங்களா?" என்று ஒருவர் கேட்டார்.

போன வருடம் இவர்கள் பிரான்ஸ் போக முடிவு செய்தார்கள். அந்த நாட்டின் தெற்குக் கரை. மத்தியதரைக் கடல். ஏழு நாள் சைக்கிள், சாமானோடு பின்னால் ஒரு வேன். ரோட்டுக்கு ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் மலை, மலைச்சரிவெல்லாம் திராட்சைத் தோட்டம். படத்தைக் காட்டினார்கள். ரோடு மேலே மேலே வளைந்து போகிறது. பார்த்தாலே மூச்சு வாங்கும்.

ஏற்பாடு எல்லாம் ரேவதி மேடம். மயிலாப்பூர். கணக்கு டீச்சர். வயது ஐம்பத்திரண்டு. ஒருநாள் கடைக்கு வந்து, "மெக்கானிக்கா நீங்களும் வரேள் பாய். டிக்கெட் எங்க பொறுப்பு" என்றார்.

நான் ஒன்றே ஒன்று கேட்டேன். "ஆறு நாள் வேன்ல வரேன். ஏழாவது நாளு நானும் ஓட்டணும்."

"ஓட்டுங்கோ. யாரு வேண்டாங்கறா?"

இருபத்தெட்டு வருடமாக மற்றவர்கள் மலை ஏற கியர் சரிசெய்து கொடுக்கிறேன். நான் ஒரு மலையும் ஏறியதில்லை. எனக்கு இருந்த ஆசை அவ்வளவுதான். பாஸ்போர்ட் எடுத்தேன். விசா வந்தது. நானும் விடிகாலையில் இவர்கள் போகிற அதே கோடம்பாக்கம் பாலத்தில் ஏறி இறங்க ஆரம்பித்தேன். என் வண்டியில் கியர் கிடையாது. பழைய வண்டி. ஏறும்.

கிளம்புவதற்குமுன் ஏழு வண்டியையும் பிரித்துப் பெட்டியில் கட்ட வேண்டும். ஒரு வாரம் தரையில் காலை மடக்கி உட்கார்ந்தபடியே வேலை. கடையில் கக்கூஸ் இல்லை. அதனால் பகலில் தண்ணீர் குடிக்க மாட்டேன். பல வருடப் பழக்கம்.

வாரக் கடைசியில் இடது கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. வீக்கம். தொட்டால் சூடு. பாலம் ஏறியதில் சுளுக்கு என்று நினைத்தேன். ரேவதி மேடத்திடம் சொல்லவில்லை. சொன்னால், "நீங்க ரெஸ்ட் எடுத்துக்கோங்கோ" என்று என்னை விட்டுவிட்டுப் போய்விடுவார்கள். வீட்டில் என் மனைவி மும்தாஜ் கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன்.

நேராக முனுசாமி அண்ணனிடம் போனேன். சினிமாவில் சண்டை போடுகிறவர்களுக்கெல்லாம் சுளுக்கு எடுப்பவர். எங்கள் தெருதான். காலைத் தொட்டுப் பார்த்தார்.

"இன்னா பாய், கல்லு மாரி கீது? நரம்பு சுருட்டிக்கிச்சு. ரெண்டு உருவு உருவுனா சரியாப் பூடும்."

"உருவுங்க. ஃப்ளைட்டு ஏறணும்."

"ஃப்ளைட்டா? துபாயா?"

"பிரான்ஸு."

"அங்க போயி சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டப் போறியா? அவுங்க ஊர்ல ஆளே இல்லியா நைனா?"

சிரித்துக்கொண்டே உருவினார். நல்லெண்ணெய் போட்டுக் கீழிருந்து மேலே, கட்டைவிரலால் அழுத்தி. உயிர் போயிற்று. பல்லைக் கடித்துக்கொண்டேன். அவர்மேல் குறை சொல்ல மாட்டேன். அவர் சுளுக்கைத்தான் எடுத்தார். அது சுளுக்கு இல்லை.

மறுநாள் விடிகாலை மறுபடி பாலத்துக்குப் போனேன். கால் தேவலாம்போல இருந்தது. நாலாவது ஏற்றத்தில் நெஞ்சில் குத்தல். மூச்சை இழுக்கிறேன், பாதியில் நிற்கிறது. பாலத்தின் உச்சியில் வண்டியைப் போட்டுவிட்டு நடைபாதையில் உட்கார்ந்துவிட்டேன். தொலைத்துவிட்டீர்களா என்று கேட்ட அதே ஆட்டோக்காரர்தான் வண்டியை நிறுத்தினார். இந்தத் தடவை அவர் சிரிக்கவில்லை. என்னைத் தூக்கிப் போட்டுக்கொண்டு தேனாம்பேட்டைப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். என் சைக்கிளைப் பாலத்திலேயே விட்டுவிட்டோம். திரும்பிப் போய்ப் பார்த்தபோது இல்லை. அது தனி வயிற்றெரிச்சல்.

ஆஸ்பத்திரியில் விரலில் கிளிப் மாட்டினார்கள். ரத்தத்தில் காற்று எவ்வளவு இருக்கிறது என்று அது காட்டும். என்னுடையது குறைவு. மூக்கில் ஆக்ஸிஜன் வைத்தார்கள். ஈசிஜி. ரத்தம் எடுத்தார்கள். காலில் பசைபோல ஒன்றைத் தடவி ஒரு ஸ்கேன். டாப்ளர் என்று பெயர். ரத்தம் ஓடுகிறதா நிற்கிறதா என்று அதில் தெரியும். பிறகு நெஞ்சுக்கு சிடி ஸ்கேன். கையில் ஒரு மருந்தை ஏற்றுவார்கள். உடம்பெல்லாம் சூடாகப் பரவும். சிறுநீர் போய்விட்டதுபோல இருக்கும். போயிருக்காது. பயப்பட வேண்டாம்.

சிடி அறைக்கு வெளியே சக்கர நாற்காலியில் வெகுநேரம் காக்க வைத்தார்கள். அந்த நாற்காலியில் முன்சக்கரம் ஆடியது. நட்டு லூஸ். ஐந்து நிமிட வேலை. தள்ளிக்கொண்டு வந்த அம்மாவிடம் ஸ்பானர் கேட்டேன்.

"உனுக்கு மூச்சே வரல, உனுக்கு ஸ்பானர் வேணுமா? சும்மா குந்து" என்றார்.

டாக்டர் ஒரு சின்ன வயதுப் பெண். மும்தாஜ் வந்து சேர்ந்த பிறகு எங்கள் இருவரையும் வைத்துக்கொண்டு சொன்னார். காலின் ரத்தக்குழாய்க்குள் ரத்தம் உறைந்து கட்டியாகி இருந்திருக்கிறது. அதிலிருந்து ஒரு துண்டு பிய்த்துக்கொண்டு மேலே போய், நுரையீரலுக்குப் போகிற குழாயில் மாட்டிக்கொண்டது. அதனால்தான் மூச்சு அடைத்தது. இன்னும் பெரிய துண்டாக இருந்திருந்தால் பாலத்திலேயே முடிந்திருக்கும்.

"காலை யாராவது உருவி விட்டாங்களா?" என்று கேட்டார்.

"லேசா" என்றேன்.

மும்தாஜ் திரும்பிப் பார்த்தாள். எனக்கே தெரியாமல் எல்லாவற்றையும் பார்த்து வைத்திருக்கிறாள். "லேசாவா? காலெல்லாம் கன்னிப்போயி இருந்திச்சு டாக்டர். கேட்டா சைக்கிள் செயினு பட்டிச்சுன்னாரு."

உருவியதில்தான் துண்டு பிய்ந்திருக்கலாம், தானாகவும் பிய்ந்திருக்கலாம் என்றார் டாக்டர். கட்டி ஏன் வந்தது என்று கேட்டேன். காலை மடக்கி உட்கார்ந்தது, தண்ணீர் குடிக்காதது, இரண்டும் சேர்ந்திருக்கலாம். சிலருக்குக் காரணமே கிடைக்காது என்றார்.

என் கடையில் இப்படிச் சொன்னால் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். சத்தம் வந்தால் எங்கிருந்து வருகிறது என்று சொல்லியாக வேண்டும். இங்கே எல்லாம் 'இருக்கலாம்'.

"நாளன்னிக்கு ஃப்ளைட் இருக்கு டாக்டர்."

"கேன்சல் பண்ணிடுங்க."

"மாத்திரை குடுத்தீங்கன்னா போயி..."

"அண்ணே, இப்ப உங்களை ஐசியூவுக்கு மாத்தறேன். நீங்க பிளேனைப் பத்திப் பேசறீங்க. பல மணி நேரம் காலைத் தொங்கப்போட்டு உக்காரணும். ரெண்டு மாசத்துக்கு அதெல்லாம் கிடையாது. சைக்கிளும் கூடாது. இந்த மருந்து எடுக்கும்போது கீழ விழுந்தா ரத்தம் லேசுல நிக்காது."

அவர் போன பிறகு மும்தாஜ் என் காலடியில் நின்றாள். திட்டுவாள் என்று பார்த்தேன். போர்வையை இழுத்துக் காலை மூடினாள். "இன்னும் ஒரு ரவுண்டு போயிருந்தா மவுத்துதான்" என்று மட்டும் சொன்னாள்.

ஐசியூவில் இரண்டு நாள். அங்கே விளக்கை அணைப்பதில்லை. மெஷின் விடாமல் கத்தும். காலையும் வயிற்றில் ஊசி, மாலையும் வயிற்றில் ஊசி. ரத்தம் மேலும் உறையாமல் இருக்க அந்த மருந்து. இருக்கிற கட்டியை உடம்பே மெல்லக் கரைத்துக்கொள்ளுமாம். நாம் காத்திருக்க வேண்டும். குத்தின இடமெல்லாம் நீலமாகிவிடும். வயிறு திராட்சைத் தோட்டம் மாதிரி ஆயிற்று. பில்லைப் பற்றி எழுத மாட்டேன். பணத்தைக் கட்டியாகிவிட்டது.

இரண்டாம் நாள் ரேவதி மேடம் வந்தார். ஐந்து நிமிடம்தான் விட்டார்கள். கண் கலங்கினார். எனக்கு அதெல்லாம் பிடிக்காது. பெட்டிகளைச் சரியாக ஏற்றச் சொன்னேன்.

"ஏத்திடறோம். பாய், உங்க டூல் பையை மட்டும் ஆத்துலேர்ந்து குடுத்தனுப்பச் சொல்லுங்கோ. வழியில எதுக்காவது வேணும்."

"வேணாம் மேடம். நானே எடுத்துக்கினு வரேன்."

"எப்படி வருவேள்?"

"ரெண்டு நாளு லேட்டா வரேன். நீங்க போங்க."

அவர் மும்தாஜைப் பார்த்தார். பிறகு கிளம்பிவிட்டார். டாக்டர் சொன்னதை நான் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். ஆனாலும் பையைக் கொடுத்துவிட்டால் நான் போகப் போவதில்லை என்று ஆகிவிடும். பை இருக்கும்வரை போகலாம். மூக்கில் குழாயோடு படுத்துக்கொண்டு இப்படித்தான் யோசித்தேன்.

மூன்றாம் நாள் அவர்கள் ஏறிவிட்டார்கள். என்னை வார்டுக்கு மாற்றினார்கள். சுவரில் கடிகாரம் இருந்தது. அதைப் பார்க்காமல் படுத்திருந்தேன்.

வார்டில் கை சும்மா இருந்ததுதான் பெரிய தொல்லை. படுக்கையில் உட்கார்ந்து எதையாவது திருகிக்கொண்டே இருந்தேன். குளுக்கோஸ் கம்பத்தின் திருகாணியைக் கழற்றி மாட்டியதற்கு சிஸ்டர் சத்தம் போட்டார். நாலாம் நாள் மும்தாஜ் இடியாப்பத்தோடு இன்னொரு பொட்டலமும் கொண்டுவந்தாள். பிரித்தால் பல்சக்கரம். கியர் வண்டியின் பின்சக்கரத்தில், சின்னதிலிருந்து பெரியதுவரை வரிசையாக அடுக்கியிருக்குமே, அந்தப் பழைய செட்டு. கடையில் எடுத்து, மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து, பேப்பரில் சுற்றிக் கொண்டுவந்திருக்கிறாள். இருபத்தைந்து வருடத்தில் அவள் கடைச் சாமானைத் தொட்டதில்லை.

"எதுக்கு இது?"

"கையில வச்சினு சுத்துங்க. ஆஸ்பத்திரி சாமானை ஒடைக்காதீங்க."

சுற்றினேன். கடகடவென்று சத்தம் வரும். பக்கத்துக் கட்டில்காரர் பேரனுக்கு வாங்கின பொம்மையா என்று கேட்டார்.

ஆறாம் நாள் மாலை போன் அடித்தது. ரேவதி மேடம். வீடியோ. அங்கே அப்போது மதியம். முகம் சிவந்து, ஹெல்மெட் ஒரு பக்கம் சாய்ந்து இருந்தது.

"பாய், எப்படி இருக்கேள்?"

"இன்னா ஆச்சு? வண்டியைக் காட்டுங்க."

காட்டினார். ஹேங்கர் உடைந்து பின்கியர் அப்படியே செயினில் தொங்குகிறது. ஹேங்கர் என்பது விரல் நீளத்துக்கு ஒரு அலுமினியத் துண்டு. பின்கியரைச் சட்டத்தோடு பிடித்துக்கொள்வது அதுதான். வண்டிக்கு வண்டி வேறு வேறு மாதிரி இருக்கும். ஒன்றின் ஹேங்கர் இன்னொன்றுக்குப் பொருந்தாது.

"கியர் பக்கமா கீழ போட்டீங்களா?"

"நான் போடலை பாய். கொடியில கொத்துக் கொத்தா திராட்சை. போட்டோ எடுக்கலாம்னு செவுத்துல சாச்சு வெச்சேன். அது வலது பக்கமா சாஞ்சுடுத்து. ஏறச்ச கியரை மாத்தினேன், படார்னு..."

"எத்தினி தடவை சொல்லிக்கீறேன்? வலது பக்கம் சாய்க்காதீங்கன்னு."

"சொன்னேள். இப்போ என்ன பண்றது? வேற ஹேங்கர் பெட்டியில இருக்கா?"

ஏழு வண்டிக்கும் ஏழு ஹேங்கர் வாங்கி, பேர் எழுதி, ஒரு டப்பாவில் போட்டு வைத்திருந்தேன்.

"என் பையில கீது மேடம்."

"பை எங்கே?"

"வூட்ல. கட்டிலுக்கு அடியில."

"அன்னிக்கே கேட்டேனே பாய்!"

கேட்டார்தான்.

மற்றவர்கள் முன்னால் போய்விட்டார்கள். வேனுக்குச் சொல்லியாகிவிட்டது, வந்து ஏற்றிக்கொள்ளும் என்றார். பிறகு குரல் மாறியது. "வேன்ல ஏறிக்கோன்னு சொல்றா. எனக்கு இந்த மலையை ஏறணும் பாய். ஒரு வருஷமா அந்தப் பாலத்துல ஏறி இறங்கியிருக்கேன்."

அது எனக்குத் தெரியும். நானும் ஏறி இறங்கியிருக்கிறேன்.

"செயின் கட்டர் இருக்கா?"

"சின்ன டூல்ல இருக்கு."

"அப்ப ஏறலாம். கியரே வேணாம். என் வண்டி மாரி ஆக்கிடலாம். வேன் வந்தா நிக்கச் சொல்லுங்க."

மும்தாஜிடம் போனைக் கொடுத்துப் பிடிக்கச் சொன்னேன். பல்சக்கரத்தைக் கையில் எடுத்துக்கொண்டேன். தொங்குகிற பின்கியரைக் கழற்றிவிட்டு, செயினைக் குறுக்கி நேராக ஒரு பல்சக்கரத்தில் மாட்டினால் போதும். செயினை எங்கே வெட்டுவது என்று சொன்னேன். "செயின் பின்னை முழுசா வெளிய தள்ளிடாதீங்க. நுனி உள்ளயே இருக்கணும். வெளிய வந்தா திரும்பப் போவாது." போனை ஒரு கல்லில் சாய்த்து வைத்துவிட்டு அவர் தள்ளினார். மூக்கு நுனியில் வியர்வை.

அப்போது சிஸ்டர் ஊசியோடு வந்தார். "வயித்தைக் காட்டுங்க பாய்."

"ஒரு நிமிசம் சிஸ்டர்."

"ஒரு நிமிஷமெல்லாம் இல்ல. டைம் ஆச்சு."

சட்டையைத் தூக்கினேன். குத்தினார். நான் பல்சக்கரத்தைத் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தேன். "முன்னாடி சின்னச் சக்கரம். பின்னாடி பெரிசுல இருந்து மூணாவது. இதோ, இது. இதுல மாட்டுங்க."

மாட்டினார். செயின் தொய்ந்தது. இன்னொரு கண்ணியை எடுத்தால் எட்டாது. நான் என் கையில் இருந்ததை எண்ணிப் பார்த்தேன்.

"ரெண்டாவதுல போடுங்க. அது கொஞ்சம் பெரிசு, தொய்வை இழுத்துக்கும்."

"இருங்கோ... பாய்! உக்காந்துடுத்து!"

"விரலால தூக்குங்க. அரை இஞ்சு ஆடணும். அதுக்கு மேல ஆடக் கூடாது."

"ஆடலை. பாய், இங்க பாருங்கோளேன், கடல் அப்படியே கீழ..." போனைத் திருப்பப் போனார்.

"செயினைக் காட்டுங்க மேடம்! பின்னு சரியாப் போயிருக்கான்னு பாக்கணும்."

காட்டினார். போயிருந்தது. பெடலைச் சுற்றச் சொன்னேன். சுற்றியது. இனி கடலைக் காட்டுங்கள் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அவர் போனில் சார்ஜ் தீர்ந்துவிட்டது.

அந்த மலையில் நான் பார்த்தது இவ்வளவுதான். ஒரு பின்சக்கரம். செயின். உடைந்த ஹேங்கர். சக்கரத்தின் கம்பிகளுக்குப் பின்னால் நீலமாக ஏதோ ஒன்று. அது கடலா, வானமா என்று தெரியாது.

மும்தாஜ் போனைக் கீழே வைத்தாள். அவளுக்குக் கை வலித்திருக்கும். "இவ்ளோ நேரம் மூச்சு வாங்காம பேசினீங்க" என்றாள். அப்போதுதான் கவனித்தேன். மூக்கில் குழாய் இல்லாமல் பேசியிருக்கிறேன்.

சாப்பாட்டுக்குப் பிறகு மேடத்திடமிருந்து குரல் செய்தி வந்தது. "ஏறிட்டேன் பாய். நடுவுல ஒரு தடவைகூட காலை ஊனலை." இரண்டு தடவை போட்டுக் கேட்டேன். சந்தோஷம்தான். எரிச்சலும்தான். இரண்டும் ஒன்றாக வரும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

ஒன்பதாம் நாள் வீட்டுக்கு விட்டார்கள். காலுக்கு இறுக்கமான காலுறை. தினமும் மாத்திரை. ஒரு வேளைகூடத் தவறக் கூடாது. கடையில் கை கீறினால் ரத்தம் நிற்க நேரம் ஆகிறது. கையுறை போட்டுக்கொண்டு வேலை செய்கிறேன். கையுறையோடு நட்டு பிடிபடுவதில்லை. தரையில் உட்காரக் கூடாது என்று மும்தாஜ் ஒரு ஸ்டூல் வாங்கிப் போட்டிருக்கிறாள். எதிர்க்கடையில் பேசி, அவர்கள் கக்கூஸுக்குச் சாவியும் வாங்கி வைத்திருக்கிறாள். மணிக்கு ஒருதரம் ஒரு டம்ளர் தண்ணீரோடு வந்து நிற்கிறாள். குடிக்கும்வரை நகர மாட்டாள்.

போன வாரம் ரேவதி மேடம் கடைக்கு வண்டியைக் கொண்டுவந்தார். ஊர் திரும்பி இத்தனை நாள் அந்த ஒற்றைக் கியரிலேயே ஓட்டியிருக்கிறார். கழற்றிய பின்கியரையும் உடைந்த ஹேங்கரையும் பத்திரமாகக் கொண்டுவந்திருந்தார்.

நான் வீட்டுக்குப் போய்ப் பையை எடுத்துவந்தேன். அன்றுதான் திறந்தேன். இரண்டு பனியன். ஸ்பானர்கள். மும்தாஜ் வைத்த எலுமிச்சை ஊறுகாய். டப்பா. ஏழு ஹேங்கர், ஏழு பேர். மேடம் பேர் போட்டதை எடுத்து மாட்டி, பின்கியரையும் ஒரு புதுச் செயினையும் போட்டேன். கியர் எண்ணெய் விட்டதுபோல் விழுந்தது.

மேடம் டப்பாவைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "பாய், மிச்ச ஆறையும் அவாவா கிட்டயே குடுத்துடுங்கோ. அடுத்த வருஷம் மறுபடி போறோம். அவசரத்துக்கு அவா கையில இருக்கட்டும்."

சரியான பேச்சுதான். நானாக இருந்தாலும் அப்படித்தான் சொல்வேன். மாத்திரை எப்போது நிறுத்துவது என்று டாக்டர் இன்னும் சொல்லவில்லை. ஒரு ஸ்கேன் எடுக்க வேண்டும், அதன்பிறகு பார்க்கலாம் என்கிறார். பார்க்கலாம் என்றால் என்ன என்று கேட்டேன். அதற்கும் பார்க்கலாம் என்றார்.

டப்பாவை மூடினேன். பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தேன்.

"தரமாட்டேன் மேடம். உங்களுக்கும் இன்னொண்ணு வரவழைக்கிறேன். ஏழையும் நானே எடுத்துக்கினு வரேன்."

மேடம் எனக்குப் பின்னால் பார்த்தார். மும்தாஜ் டம்ளரோடு நின்றுகொண்டிருந்தாள்.

"போவலாம்" என்றாள். "மொதல்ல இதைக் குடிங்க."

குடித்தேன்.